கெப்பின் முன்பக்கத்தை உயர்த்துவது: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது



வழமையாக இந்தப் பக்கத்தில் பிள்ளைப் பராமரிப்பு, குடிநீர், சேமலாப நிதிப் படிவம் என்றுதான் எழுதுவேன். இம்முறை வாகனம். வெல்பெயார் ஒபிசருக்கு கெப் வாகனத்தின் ஸ்பிரிங்கில் என்ன வேலை என்று கேட்பீங்க. வேலை இருக்கு. நம்ம தோட்டங்களில் இப்போ பல பையன்மார் சீட்டுப் பிடித்தும் லீசிங் எடுத்தும் பழைய கெப் வாங்கி மரக்கறி ஏற்றுகிறார்கள். பகலில் கோவாவும் லீக்ஸும் போகும் அதே கெப்பில்தான் இராத்திரியில் காய்ச்சல்காரரும் பிள்ளைத்தாய்ச்சியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். தோட்டத்து ரோட்டு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடி இடிக்குது, முன்பக்கத்தை ஏத்தணும், மலிவா என்ன பார்ட்ஸ் போடலாம் என்று போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். மூன்று பேருக்கும் நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம் இருக்கு. ஒருமுறை அவசரப்பட்டுச் சொன்ன பதில் என் சொந்தக் குடும்பத்தையே நடுரோட்டில் நிறுத்தியது.

நான் வேலை பார்ப்பது மலையில். ஊர் திருகோணமலை மாவட்டத்தில் கிளிவெட்டி. மூதூருக்குத் தெற்கே, மட்டக்களப்பு வீதியில், வயல் சூழ்ந்த ஊர். சின்ன வயதில் நாங்கள் திருகோணமலை டவுனுக்குப் போவதென்றால் துறைக்குத் துறை படகுப் பாதையில் ஏறி இறங்கணும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. பெரிய ரோட்டில் இப்போ குறை சொல்ல ஏலாது. ஆனால் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் கரையில் ஏறினால் பழைய கதைதான். மாரி மழைக்கு அந்தக் களிமண் ட்ரக்டர் சில்லுகளுக்குக் கீழே இரண்டு வாய்க்காலாகப் பிளந்து, நடுவில் முதுகு மாதிரி மேடு நிற்கும். கெப்பின் வயிறு அந்த முதுகில்தான் உரசும்.

என் மனைவியின் தம்பி அங்கே பழைய மிட்சுபிஷி எல் 200 டபுள் கெப் ஒன்று வைத்திருக்கிறார். பசளை, நெல், சந்தைச் சாமான் எல்லாம் அதில்தான். 2022இல் நாடு விழுந்தபோது, சில கிழமைக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பார்ட்ஸ் விலையும் அதோடு ஏறியது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தனியாருக்கு விட்டார்கள். அதுவரைக்கும் இருக்கிறதைத்தான் தட்டிக் கொட்டி ஓட்டணும். தம்பி போன் பண்ணி, "அத்தான், முன்னுக்கு இடிக்குது, லிஃப்ட் கிட் எண்டு விக்கிறாங்க, கையில காசு இல்ல, என்ன செய்ய?" என்று கேட்டார். நான் பெரிய மெக்கானிக் மாதிரி, "கிட் எல்லாம் வேணாம், பாரை முறுக்கி ஏத்து, ஷொக் புதுசு போடு, செலவு கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டேன். தோட்டத்து லொறி ட்ரைவர்கள் பேசிக் கேட்டதுதான் என் படிப்பு.

அவர் சொன்னபடி செய்தார். பக்கத்துக் கராஜ் ஒன்றில் முறுக்கினார்கள், முறுக்கு நிற்கும்வரை முறுக்கினார்கள். கெப் மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பார்க்க நல்ல அழகு என்று படம் எடுத்தும் அனுப்பினார். இரண்டு மாதம் போயிருக்கும். 2023 மாரியில் ஒரு இரவு, மனைவியின் கடைசித் தங்கச்சிக்குப் பிரசவ வலி. மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாய்க்கால் கரையால் வரும்போது, வலது முன் சில்லு உள்ளுக்கு மடங்கிப் படுத்துவிட்டது. போல் ஜொயின்ட் கழன்றிருந்தது. வேகம் 20 கிலோமீற்றர்கூட இல்லை, அதனால் வாய்க்காலுக்குள் போகவில்லை. அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழையில், சேற்றில், பெரிய ரோட்டு வரைக்கும் நடந்தாள். அங்கே ஒரு த்ரீவீல்காரர் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தார். தாயும் பிள்ளையும் சுகம். பையன் இப்போ ஓடித் திரிகிறான்.

அடுத்த லீவில் நான் ஊருக்குப் போய் தம்பியோடு மூதூரில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். நாநாவுக்கு வயது எழுபதுக்குக் கிட்ட. கெப்பைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இத ஏத்தச் சொன்னீங்க, சரி. இது ஏன் இறங்கினண்டு பாத்தீங்களா?" இனி எழுதப்போவது பாதிக்கு மேல் அவர் கராஜ் வாசலில் இரண்டு நாள் இருந்து நான் படித்தது.

முதலில் உங்கள் கெப்பின் முன்பக்கம் எந்த வகை என்று குனிந்து பாருங்கள். மூன்று வகை உண்டு. வளைந்த உருக்குப் பட்டைகள் அடுக்காகக் கட்டி, இரண்டு சில்லுக்கும் நடுவே ஒரே ஆக்சில் குறுக்கே போனால் அது பட்டை ஸ்பிரிங். பழைய ஃபோர் வீல் ஹைலக்ஸ் எல்.என். 106 இப்படித்தான். சில்லைப் பிடிக்கும் கையிலிருந்து பின்பக்கமாக, செஸியோடு ஒட்டி, நேரான தடித்த கம்பி ஒன்று போனால் அது டோர்ஷன் பார். 2005க்கு முந்திய எல் 200, நிசான் டி 21, இசுசு டி.எஃப். எல்லாம் இந்த வகை. ஷொக்கைச் சுற்றிச் சுருள் இருந்தால் கொயில் ஸ்பிரிங். 2005க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ் விகோ அப்படி. இதைப் பார்க்காமல் கடைக்குப் போய் "ஏத்துற சாமான் தாங்க" என்று கேட்டால், கடைக்காரர் தன்னிடம் இருப்பதைத் தருவார்.

பிறகு அளவு. நிலத்திலிருந்து அளக்க வேண்டாம், காற்றுக் குறைந்த டயர் பொய் சொல்லும். சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து நேரே மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்து, இரண்டு பக்கமும் எழுதி வையுங்கள். தம்பியின் கெப்பில் ஆரம்பத்திலேயே வலது பக்கம் 2 சென்ரிமீற்றர் தாழ்வாகத்தான் இருந்திருக்கும் என்று நாநா சொன்னார். ட்ரைவர் ஒருவராக ஏறி இறங்கும் பக்கம் அது, பல பழைய வண்டியில் அந்தப் பக்கம்தான் முதலில் களைக்கும். பார் களைத்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம், பட்டையில் ஒன்று வெடித்திருக்கலாம். அதைச் சரிசெய்தாலே கம்பெனி விட்ட உயரம் திரும்பி வரும். அநேகமானவர்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். "லிஃப்ட்" என்று நாம் கேட்பது பாதி நேரம் பழைய உயரத்தைத்தான்.

சல்லிக் காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கு. முன்னுக்குப் பூட்டியிருக்கும் இரும்பு புல் பாரைக் கழற்றுங்கள். தண்ணீர்க் குழாய் இரும்பில் ஒட்டிய பெரிய பார், ஒரு ஆள் முன்னுக்கு நிரந்தரமாகக் குந்திக்கொண்டிருப்பது மாதிரி. நாநா தம்பியின் கெப்பில் முதல் செய்த வேலை அதுதான். தம்பிக்கு முகம் வாடிப்போச்சு. எனக்கும் அது இல்லாமல் கெப் மொட்டையாகத்தான் தெரிந்தது, உண்மையைச் சொல்லணும்.

டோர்ஷன் பார் விஷயத்துக்கு வருவோம், அதில்தான் கூடுதலாகப் பிழை விடுகிறார்கள். ஈரத்துணியைப் பிழிகிறபோது துணி முறுகுகிறதே, அதுபோல அந்த உருக்குக் கம்பி முறுகித்தான் வண்டியின் பாரத்தைத் தாங்குது. அதன் பின் நுனியில் ஒரு போல்ட் இருக்கும். அதை இறுக்கினால் முன்பக்கம் உயரும். பார்ட்ஸே வாங்கத் தேவையில்லை, ஸ்பெனர் போதும். அதனால்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் இறுக்கினதால் பார் பலமாகுது என்று நினைக்கக் கூடாது. பார் பழைய பார்தான். நடப்பது என்னவென்றால், சில்லு கீழே தொங்குவதற்கு இருந்த இடத்தை நாம் தின்றுவிடுகிறோம். பள்ளம் வரும்போது சில்லு கீழே இறங்கி நிலத்தைத் தொடணும். இறங்க இடமில்லை என்றால் கை போய் ரப்பர் கட்டையில் "டக்" என்று அடிக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த அடி போல் ஜொயின்டுக்குத்தான். கையும் சரிந்த கோணத்தில் நிற்பதால் ஜொயின்டின் குண்டு அதன் கிண்ணத்தின் ஓரத்தில் நின்று வேலை செய்யும், மேலுறை ரப்பர் கிழியும், சேறு உள்ளே போகும். ஃபோர் வீல் வண்டி என்றால் முன் ஷாஃப்டின் ரப்பர் உறையும் அதேபோல மடிந்து கிழியும். எங்கள் கெப்பில் நடந்தது இதுதான். இரண்டு மாதம் பிடித்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் எவ்வளவு ஏற்றலாம்? நாநாவின் கணக்கு, கம்பெனி உயரத்துக்கு மேல் 25 மில்லிமீற்றர். மிஞ்சிப்போனால் 35. அதற்குப் பிறகு ரப்பர் கட்டைக்கும் கைக்கும் நடுவே ஒரு விரலாவது போகணும். விரல் போகவில்லை என்றால் இறக்குங்கள். போல்ட்டைத் திருப்பும்போது செஸிக்கு ஜெக் போட்டு, முட்டுக் கொடுத்து, சில்லைத் தொங்கவிட்டுத் திருப்பணும். பாரம் ஏறி நிற்கையில் திருப்பினால் போல்ட்டின் புரி போய்விடும். திருப்பினதை எண்ணி வையுங்கள், முன்பு நின்ற இடத்தில் பெயின்ட் கோடு ஒன்று போடுங்கள். இறக்கியதும் உடனே அளக்கக் கூடாது. டயர் நிலத்தில் உள்ளுக்கு ஒடுங்கி நிற்பதால் உயரம் கூடக் காட்டும். கொஞ்சத் தூரம் முன்னும் பின்னும் ஓட்டி, மூக்கை நாலு தரம் அமுக்கிவிட்டு அளவெடுங்கள்.

போல்ட் முழுக்க இறுகியும் வண்டி ஏறவில்லை என்றால் பார் களைத்துவிட்டது என்று அர்த்தம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றின பார் சோடி கிடைக்கும். இதைப் பழையதாக வாங்கலாம், பயமில்லை, ஆனால் வெளிச்சத்தில் வைத்து முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். துருக்குழி, வெட்டு, வெல்டிங் பொறி பட்ட தழும்பு இருந்தால் வேண்டாம். முறுகும் உருக்கு அந்தத் தழும்பிலிருந்துதான் வெடிக்கும். இடது பாரும் வலது பாரும் வேறு வேறு, நுனியில் அடையாளம் இருக்கும், மாற்றிப் போட்டால் உடையும். ஒரு பக்கத்துக்கு மட்டும் வாங்கி மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

ஷொக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தம்பிக்குச் சொன்னதில் இரண்டாவது பிழை அது. சாதாரண எண்ணெய் ஷொக் வண்டியைத் தூக்காது. ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. எண்ணெய் கசிந்தால் மாற்றுங்கள், உயரத்துக்காக மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

பட்டை ஸ்பிரிங் வண்டிக்காரர்களுக்கு வழி லேசு. களைத்த அடுக்கோடு கழற்றின நல்ல பட்டை ஒன்று சேர்க்கலாம், அல்லது முழு அடுக்கையும் கழற்றினதாக வாங்கலாம். சிலர் கொல்லன் பட்டறையில் நெருப்பில் காய்ச்சி வளைத்துக் கொடுக்கிறார்கள். பழுக்கக் காய்ச்சி வளைத்து, முறையாகத் திரும்பப் பதம் ஏற்றாவிட்டால் அந்த உருக்கில் பிறகு ஸ்பிரிங் குணம் இருக்காது, சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். காய்ச்சாமல் தட்டி வளைப்பது பரவாயில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முன் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை, மரக்கட்டை வைத்து உயர்த்தக் கூடாது. பின்பக்கத்தில் கட்டை வைத்ததைப் பார்த்திருப்பீர்கள், அதைப் பார்த்து முன்னுக்கும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னுக்குத்தான் வரும். கட்டை உருண்டால் ஆக்சிலே திரும்பிவிடும், ஸ்டியரிங்கும் அதோடு போய்விடும். ஷெக்கிளை நீட்டிப் போடுவதும் அவ்வளவு நல்லதல்ல. வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, கையிலேயே நிற்கும். ஹேர்பின் வளைவுள்ள நம்ம ரோட்டில் அது யாருக்கு வேணும்?

கொயில் வகைக்கு, ஷொக்கின் தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் வளையம் விற்கிறார்கள். 25 மில்லிமீற்றர் வளையம் போட்டால் சில்லடியில் கிட்டத்தட்ட இரு மடங்கு உயரும், ஏனென்றால் ஷொக் நிற்பது கையின் நடுவில். அதனால் சின்ன வளையமே போதும். சுருளுக்கு நடுவே ரப்பர் செருகுவது வேண்டாம். சுருளைக் கழற்றும் வேலையை வீட்டு முற்றத்தில் செய்யவே வேண்டாம், அமுக்கும் கருவி வழுக்கினால் சுருள் ஆளையே அடிக்கும்.

இனி காசு விஷயம். விலை எழுதவில்லை, இந்த இதழ் உங்கள் கைக்கு வருமுன் மாறிவிடும். மூன்று கடையில் கேளுங்கள். ஆனால் எதைப் பழையதாக வாங்கலாம் என்பது மாறாது. பார், ஸ்பிரிங் பட்டை, பாரைப் பிடிக்கும் கொக்கி, ஷெக்கிள் தகடு மாதிரிச் சும்மா இரும்பாக நிற்பவை பழையது போதும். அசைகிற மூட்டு, ரப்பர், எண்ணெய் உள்ளவை புதுசுதான்: போல் ஜொயின்ட், டை ரொட் என்ட், புஷ், ஷொக், பிரேக் ஹோஸ். யூ போல்ட்டும் புதுசு. ஒருமுறை இறுக்கிக் கழற்றின யூ போல்ட் நீண்டிருக்கும், திரும்ப இறுக்கினால் பிடி நிற்காது. போல் ஜொயின்டில் பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், பெயர்பெற்ற ஜப்பான் பெட்டிக்கும் போலி வருது. கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். குண்டு சமமாக, கொஞ்சம் இறுக்கமாக அசையணும். கடகடவென்று ஆடினாலோ, ஓரிடத்தில் பிடித்தாலோ திருப்பிக் கொடுங்கள். தம்பி முதல் தடவை மிச்சம் பிடித்தது சரியாக இங்கேதான். பழைய போல் ஜொயின்டுக்கு கிரீஸ் அடித்து அப்படியே விட்டிருந்தார்கள்.

புஷ் போடும்போது நம்ம கராஜ்காரர் அநேகம் பேர் செய்யாத ஒன்று: கையின் போல்ட்டைச் சில்லு தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. வண்டியை நிலத்தில் இறக்கி, பாரம் ஏறின பிறகே கடைசி இறுக்கு. தொங்கும்போது இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் எந்நேரமும் முறுகியபடி இருந்து சீக்கிரம் கிழியும். இதற்கு ஒரு சதம்கூடச் செலவில்லை.

டயரையும் கணக்குப் பாருங்கள். 225/70ஆர்15 டயரின் குறுக்களவு ஏறத்தாழ 696 மில்லிமீற்றர். 235/75ஆர்15 என்றால் 733. பாதியைப் பார்த்தால் வண்டி ஏறத்தாழ 19 மில்லிமீற்றர் உயருது. எப்படியும் டயர் மாற்ற வேண்டிய காலம் என்றால் இதுதான் இலாபம். அதுவும் பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ஆக்சிலின் நடு உருண்டை கல்லில் இடிப்பது நிற்காது, அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். ஆனால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க வெட்டிப் பார்த்து, மட்கார்டில் தேய்க்காததை நிச்சயப்படுத்துங்கள். மீற்றர் 60 காட்டும்போது வண்டி 63இல் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் ஜெக் போட்டுச் சில்லைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் வெட்டி, பிரேக் ஹோஸ் இழுபடுதா என்று பாருங்கள். இழுபட்டால் அந்த வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே வேண்டாம். பிறகு நேரே வீல் எலைன்மென்ட். உயரம் மாறினால் சில்லின் சாய்வு மாறும், எலைன்மென்ட் காசை மிச்சம் பிடித்தால் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்து அதைவிடக் கூடக் கேட்கும். கூடுதலாக உயர்த்துகிறவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பெனியிலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், விபத்துக்குப் பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை. இன்னொன்று, இதை நான் வெல்பெயார் ஒபிசராகச் சொல்கிறேன்: உயர்ந்த வண்டி சரிவில் சீக்கிரம் சாயும். பின்னால் நாலு பேரை நிற்கவைத்துக்கொண்டு மலை வளைவில் வருகிற நம்ம பழக்கத்தோடு இது சேரவே சேராது.

எங்கள் கெப்புக்கு நாநா செய்தது இவ்வளவுதான். புல் பார் போனது. கழற்றின பார் ஒரு சோடி, போல் ஜொயின்ட் நாலும் புதுசு, புஷ் எல்லாம் புதுசு, ஷாஃப்ட் உறை இரண்டு, உயரம் கம்பெனி அளவுக்கு மேல் 20 மில்லிமீற்றர், எலைன்மென்ட். தம்பி முதலில் கேட்ட லிஃப்ட் கிட்டைவிடக் குறைவாகத்தான் முடிந்தது. முதல் தடவை கராஜுக்குக் கொடுத்ததையும், மடங்கின சில்லோடு கெப்பை ட்ரக்டரில் இழுத்த கூலியையும் சேர்த்தால் குறைவில்லை. 500 கிலோமீற்றர் ஓடின பிறகு எல்லா நட்டையும் திரும்ப இறுக்கக் கொண்டுவரச் சொன்னார். தம்பி இரண்டு மாதம் கழித்துத்தான் போனார், ஏச்சு வாங்கினார்.

இந்தத் தைப்பொங்கலுக்குப் போனபோது நானே அளந்து பார்த்தேன். இடது பக்கம் அப்படியே நிற்குது. வலது பக்கம் 4 மில்லிமீற்றர் இறங்கியிருக்கு. அடுத்த லீவுக்குள் இன்னும் இறங்கினால் நாநாவிடம் காட்டச் சொல்லி, மட்கார்டின் உள்பக்கத்தில் அளவையும் திகதியையும் பெயின்டால் எழுதிவிட்டு வந்தேன்.